செப்பாங்கில் எல்லாருக்கும் படம் கிடைத்தது

சிங்கப்பூரில் சொந்தக் காரை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க நிரந்தரப் பந்தயத்தடம் கிடையாது. ஃபார்முலா 1 கார்ப் பந்தயம் நடக்கும் மரீனா பே தடமே பெரும்பாலும் பொதுச் சாலைதான். அதனால் எங்கள் நண்பர் கூட்டம் மலேசியாவின் செப்பாங் பந்தயத்தடத்துக்குப் போகும். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள்.

முதல் தடவை புகைப்படக்காரரிடம், "நல்லா எடுங்கண்ணே" என்றதோடு விட்டுவிட்டேன். ஷட்டர், அதாவது கேமராவுக்குள் ஒளி விழும் நேரம், வெறும் 1/2000 நொடி. வந்த படங்களில் கார்கள் நிறுத்தி வைத்தவை போல இருந்தன, சக்கரம்கூடச் சுழலவில்லை. நான்கு பேருக்கு ஒரு படமும் இல்லை. அதில் ஒருவர் மகனிடம் காட்டக் காத்திருந்தார். அது என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த தடவை வண்டி எண், நிறம், ஓட்டுநர், எந்த செஷனில் (எந்த நேரப் பிரிவில்) ஓட்டுகிறார் என்று ஒரே தாளில் எழுதி, முந்தின வாரமே அவருக்கு அனுப்பினேன். காரின் இரு பக்கமும் பெரிய எண் ஒட்டச் சொன்னேன். தடத்தருகே நிற்கும் அனுமதியும் மேலங்கியும் முன்கூட்டியே கேட்டு வாங்கினோம். அன்று காலையில் கேட்டால் நேரம்தான் போகும்.

அப்புறம் ஷட்டர். காரோடு கேமராவைத் திருப்பி 1/125 நொடியில் எடுத்தார். பின்னணி கோடாக இழுபட, கார் மட்டும் தெளிவாக நின்றது. பத்தில் ஏழு கலங்கித்தான் போகும், அதனால் நிறைய எடுக்க வேண்டும். எல்லாரும் வேகம் குறைக்கும் 15ஆம் வளைவில் மட்டும் 1/500 நொடி. அங்கே ஹெல்மெட்டுக்குள் கண்கூடத் தெரிந்தது.

மதிய இடைவேளையில் தாளைப் பார்த்து, விடுபட்ட இரண்டு எண்களைக் குறித்துக் கொடுத்தேன். மாலைக்குள் அவர்களும் கிடைத்துவிட்டார்கள்.