எஸ்.பி.எம்.மில் கவிழ்ந்த பிறகு பட்டம் வரை போவது எப்படி

மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவு வந்த அன்று யாருக்கு எத்தனை ஏ என்பது மத்தியானத்துக்குள் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயம் முழுக்கத் தெரிந்துவிடும். என்னிடம் யாரும் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். தமிழிலும் நன்னெறியிலும் கிரெடிட், தேசிய மொழியான மலாயில் டி, வரலாற்றில் ஈ, கணிதத்தில் ஜி, அதாவது தோல்வி. அது 2013-ஆம் ஆண்டுத் தேர்வு. அப்பா செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்து தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, சாப்பிடு" என்றார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

இப்போது மின்பொறியியலில் பட்டம் வைத்திருக்கிறேன். சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்திலிருந்து அடிக்கடி தம்பி தங்கச்சிகள் "அண்ணே, மூணு கிரெடிட்தான் இருக்கு, என்ன பண்றது" என்று குரல் பதிவு அனுப்புகிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பேசி அலுத்துவிட்டதால் இங்கே மொத்தமாக எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இது சுற்று வழி. சான்றிதழ், டிப்ளோமா, பட்டம் என்று ஏறி முடித்தபோது எனக்கு 28 வயது. நன்றாகப் படித்த என் மாமன் மகன் அதற்குள் வேலை, கார், கல்யாணம் எல்லாம் முடித்திருந்தான். அதைப் பார்த்து வயிறு எரிந்தால் எரியட்டும், படிப்பை மட்டும் விடாதே.

முதலில் முடிவுத்தாளை எடுத்து வைத்து எண்ணு. டி, ஈ எல்லாம் தேர்ச்சிதான், ஆனால் கிரெடிட் என்பது சியும் அதற்கு மேலும். உனக்கு எந்தக் கதவு திறக்கும் என்பதைப் பெரும்பாலும் இந்த எண்ணிக்கைதான் முடிவு செய்யும்.

தேசிய மொழியோ வரலாறோ போய்விட்டது என்றால் வேறு எதையும் யோசிக்காமல் அதைச் சரி செய். இந்த இரண்டிலும் தேறாமல் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது. வரலாறு அந்தப் பட்டியலில் சேர்ந்தது நான் எழுதிய வருஷத்தில்தான், பக்கத்து வீட்டு நண்பன் அதில் மாட்டிக்கொண்டான். இதற்கென்றே எஸ்.பி.எம். உலாங்கான் என்ற மறுதேர்வு இருக்கிறது, எல்லாப் பாடங்களையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. பழைய பள்ளியில் போய் நிற்கக் கூச்சமாக இருக்கும், தெரியும். நண்பன் கூச்சப்பட்டே மூன்று வருஷத்தைக் கழித்துவிட்டு, பிறகு இரண்டு மாதம் பழைய கேள்வித்தாள்களை மட்டும் போட்டு அடித்துத் தேறினான். கூச்சத்துக்கு மூன்று வருஷம், படிப்புக்கு இரண்டு மாதம்.

கிரெடிட் ஒன்றிரண்டுதான் என்றால் சமூகக் கல்லூரி, அதாவது கோலெஜ் கொமுனிட்டி. எங்கள் டவுனிலேயே ஒன்று இருக்கிறது. நான் அங்கிருந்துதான் தொடங்கினேன். தேசிய மொழியும் வரலாறும் தேர்ச்சி இருந்தால் சான்றிதழ் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் ஒரு தவணைக்கு, அதாவது ஒரு செமஸ்டருக்கு, சில நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்துவிடும். கைத்தொழிலில் விருப்பம் உள்ளவர்களுக்கு எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ்ப் பாதை. ஒன்று, இரண்டு, மூன்று என்று நிலைகள், மூன்றாம் நிலை முடித்தால் டிப்ளோமாவுக்கு வாசல் திறக்கும். "ஸ்கில் படிக்கிறவன் மண்டு" என்று டீக்கடையில் சொல்பவர்களின் வீட்டில் ஏர்கோன் கெட்டால் அந்த மண்டுவைத்தான் கூப்பிடுவார்கள். அதை விடு.

மூன்று கிரெடிட் இருந்தால் டிப்ளோமாவுக்கே நேரடியாகப் போகலாம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதலில் நான் சொல்வது ஈப்போ உங்கு ஓமார் பொலிடெக்னிக். 1969-இல் தொடங்கியது, நாட்டின் முதல் பொலிடெக்னிக். பொறியியல் பிரிவுகளில் கணிதத்தையும் பார்ப்பார்கள், அதனால் ஒவ்வொரு படிப்பின் நிபந்தனையையும் அரசு உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் யு.பி.யு. இணையத்தளத்தில் தனித்தனியாகப் படி. முதல் சுற்றில் இடம் கிடைக்காவிட்டால் ராயுவான் போடு. நம் ஆட்களில் பாதிப் பேர் மேல்முறையீடு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் பேரங்காடியில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார்கள்.

ஆறாம் படிவம் பற்றியும் கேட்கிறார்கள். அதன் தேர்வான எஸ்.டி.பி.எம். மூன்று தவணை, தவணைக்குத் தவணை தேர்வு. செலவு கிட்டத்தட்ட இல்லை, தேறினால் நேரே பட்டப்படிப்பு, குறுக்கு வழிகளில் இதுதான் மலிவு. ஆனால் ஐந்தாம் படிவத்தில் எப்படிப் படித்துக் கவிழ்ந்தாயோ அதே மாதிரி படித்தால் அங்கேயும் கவிழ்வாய். செய்முறையாகக் கற்றால்தான் ஏறும் என்ற வகையாக இருந்தால் டிப்ளோமா பக்கம் போ.

ஏற்கனவே வேலைக்குப் போய்விட்டவர்களுக்கு ஏபெல் என்ற ஒரு வழி இருக்கிறது. எஸ்.பி.எம். தாளைப் பார்க்காமல், வேலையில் கற்றதை மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்வது. டிப்ளோமாவுக்கு 20 வயது, பட்டத்துக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், துறை சார்ந்த அனுபவம் வேண்டும், ஒரு திறனறித் தேர்வும் செய்த வேலைகளைத் தொகுத்த கோப்பும் கேட்பார்கள். ஒழுங்குபடுத்துவது எம்.கியூ.ஏ., அதாவது படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் மலேசியத் தகுதி முகமை. தொழிற்சாலையில் ஐந்து வருஷம் ஓட்டிய அண்ணன்களும் அக்காள்களும் "இனி எனக்கெதுக்கு" என்று சொல்லும்போது இதைத்தான் நான் எடுத்து நீட்டுவேன்.

இப்போது ஏஜெண்டுகள். முடிவு வந்த வாரமே கைப்பேசி அடிக்கும். "தம்பி, ஒரு கிரெடிட் போதும், மடிக்கணினி இலவசம், கடன் நாங்களே ஏற்பாடு செய்கிறோம்." என் நண்பன் ஒருவன் அப்படித்தான் கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தான், இரண்டாம் வருஷம் பார்த்தால் அவன் படித்த பிரிவுக்கு அங்கீகாரமே இல்லை. மடிக்கணினி மட்டும் மிஞ்சியது, அதுவும் சார்ஜ் நிற்காதது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எம்.கியூ.ஏ.வின் தகுதிப் பதிவேட்டை இணையத்தில் திற, கல்லூரியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, நீ சேரப்போகும் அந்தப் படிப்பே அதில் இருக்கிறதா என்று பார். இல்லை என்றால் எழுந்து வந்துவிடு, மாமா தெரிந்தவர், சித்தப்பா சொன்னார் என்றெல்லாம் பார்க்காதே.

பணத்துக்கு அரசின் உயர்கல்வி நிதியான பி.டி.பி.டி.என். கடன், தொழிற்திறன் படிப்பென்றால் திறன் மேம்பாட்டு நிதியான பி.டி.பி.கே. முன்னதற்கு விண்ணப்பிக்கும் முன் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு திறந்திருக்க வேண்டும். பதிவு செய்த உடனே பணம் வராது, வாரக்கணக்கில் ஆகும், அதுவரை சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கையில் இருக்க வேண்டும். நான் சேர்வதற்கு முன் ஆறு மாதம் கல்யாணங்களுக்குக் கூடாரம் அடிக்கும் வேலைக்குப் போய்ச் சேர்த்தேன். அப்பா அம்மா தோட்டத்தில் வேலை செய்து தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அங்கேயும் கல்வி உதவி பற்றிக் கேட்டுப் பார். 1960-இல் தோட்டத் தொழிலாளர்களை நம்பி, நம் ஊர்க்காரரும் அப்போதைய அமைச்சருமான துன் சம்பந்தன் தொடங்கியது. கேட்பதில் என்ன குறைந்துவிடும்?

இவ்வளவும் உள்ளே நுழைவதற்குத்தான். உள்ளே போய் எப்படி நிற்பது என்பதுதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் என்னோடு சேர்ந்த நம் பையன்களில் சிலர் முதல் தவணையிலேயே காணாமல் போனார்கள், ஒருவருக்கும் மூளை குறைவில்லை.

கிரெடிட் மணி என்று சொல்வார்கள் அல்லவா (எஸ்.பி.எம். கிரெடிட் வேறு, இது வேறு), ஒரு கிரெடிட் என்பது இந்த நாட்டில் 40 மணி நேரக் கற்றலுக்குச் சமம். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம், விரிவுரை, பட்டறை, இடுபணி, நீயாக உட்கார்ந்து படிப்பது எல்லாம் சேர்த்து. 14 வாரத்துக்குப் பிரித்தால் ஒரு பாடத்துக்கே வாரம் எட்டு மணிக்கு மேல் வரும். அப்படி ஐந்து பாடம் எடுத்தால் நாற்பது மணியைத் தாண்டும், அதாவது ஒரு முழுநேர வேலை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வாரத்தில் வகுப்பு கொஞ்ச நேரம்தானே என்று மிச்ச நேரம் முழுக்கத் தூங்கினேன், கால்பந்து ஆடினேன், முதல் இடைத்தேர்வில் வாங்கியதைச் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வேலை செய்தேன், உனக்கும் அதையே சொல்கிறேன். வகுப்பு முடிந்த அன்றிரவே, நோட்டை மூடி வைத்துவிட்டு, ஒரு வெற்றுத்தாளில் அன்றைக்கு நடந்ததை ஞாபகத்திலிருந்து எழுது. முதல் நாள் நான்கு வரி கூட வராது. அப்புறம் நோட்டைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர். இரண்டு நாள் கழித்து மறுபடியும், ஒரு வாரம் கழித்து மறுபடியும். பள்ளியில் நாம் செய்தது வேறு, நோட்டில் மஞ்சள் கோடு போட்டுப் போட்டுப் படித்தோம், பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், தேர்வறையில் ஒன்றும் வராது. தெரிந்த மாதிரி இருப்பது வேறு, தெரிவது வேறு.

அடித்தளம் இல்லை என்றால் வெட்கப்படாமல் கீழே இறங்கு. எனக்குப் பின்னமே வராது, மின்சுற்றுக் கணக்கில் பின்னம் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. எதிர் வீட்டுப் பாப்பாவின் தமிழ்ப்பள்ளி ஐந்தாம் ஆண்டு கணிதப் புத்தகத்தை இரவல் வாங்கி முதல் பக்கத்திலிருந்து போட்டேன். மூன்று வாரம் ஆனது. பாப்பா சில விடைகளைத் திருத்தியும் கொடுத்தாள்.

மொழிதான் நம்மில் பலருக்குப் பெரிய முட்டுக்கட்டை. தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் பழகும் புகுமுக வகுப்பு, பிறகு இடைநிலைப்பள்ளியில் பின்வரிசை. பாடம் புரியவில்லையா, மலாய் புரியவில்லையா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. கல்லூரியில் ஒரு சின்ன நோட்டு வைத்தேன், ஒரு பக்கம் மலாய்ச் சொல், பக்கத்தில் ஆங்கிலம், கீழே எனக்குப் புரிகிற தமிழில் ஒரு வரி. படித்ததை அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். மின்மாற்றி எப்படி வேலை செய்கிறது என்று அம்மாவுக்குப் புரிய வைத்த அன்றுதான் எனக்கே புரிந்தது. இன்னொன்று, நம் ஆட்களோடு மட்டும் கூட்டமாக உட்காராதே. மலாய் நண்பர்களோடு இடுபணி செய்ததில் ஒரே தவணையில் என் மலாய் மாறிவிட்டது. பட்டப்படிப்புக்கு முவெட் என்ற ஆங்கிலத் தேர்வு வேறு கேட்பார்கள், அதனால் ஆங்கிலத்தைக் கடைசி நேரத்துக்குத் தள்ளாதே.

முதல் தவணையைக் கோட்டை விடாதே. கணக்கைப் பார்: ஐந்து தவணை, எல்லாவற்றிலும் ஒரே அளவு கிரெடிட் என்று வை. முதல் தவணையில் நான்குக்குச் சராசரிப் புள்ளி 2.0 வாங்கினால், மொத்தத்தில் 3.0 வர மிச்ச நான்கு தவணையும் 3.25 எடுக்க வேண்டும், முடியும். 3.5 வேண்டுமென்றால் நான்கிலும் 3.87க்கு மேல், அது கிட்டத்தட்ட எல்லாப் பாடத்திலும் ஏ. அடுத்த படிக்கு ஏறும்போது பார்ப்பது இந்த மொத்தச் சராசரிப் புள்ளியை, சி.ஜி.பி.ஏ.வைத்தான், உன் எஸ்.பி.எம். தாள் பின்னால் போய்விடும். வருகை 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வே எழுத விடமாட்டார்கள் என்பதையும் மறக்காதே, மழை என்று படுத்துவிடுகிற பழக்கம் தோட்டத்தோடு போகட்டும்.

விரிவுரையாளரிடம் போய்க் கேள். பள்ளியில் ஒரு ஆசிரியர் "உனக்கெல்லாம் இது ஏறாது" என்று வகுப்பு முன்னால் சொன்னதிலிருந்து நான் யாரிடமும் எதையும் கேட்காதவனாக ஆகிவிட்டேன். கல்லூரியில் முதல் முறை அறைக் கதவைத் தட்டக் கால் மணி நேரம் வெளியில் நின்றேன். உள்ளே போனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "எங்கே சிக்கியிருக்கிறது, காட்டு." "ஒன்றும் புரியவில்லை" என்று போய் நிற்காதே, பாதி போட்ட கணக்கோடு போ.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மா, அப்பா, வீட்டில் படிக்க அறை வேண்டும் என்று நான் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் இல்லை. இரவு எட்டிலிருந்து பத்து வரை தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துக்கொடுங்கள், போதும். தொற்றுக்காலத்தில் இணைய வகுப்புக்குத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால்தான் எனக்கு இணைய இணைப்புக் கிடைக்கும், அப்பா குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கையெழுத்துப் போடத் தெரிந்த அளவுக்குத்தான் படித்தவர்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. முடிவு அன்று கொடுப்பது வெறும் தாள்தான், அசல் எஸ்.பி.எம். சான்றிதழ் மாதங்கள் கழித்துத்தான் பள்ளிக்கு வரும், நாம்தான் போய் எடுக்க வேண்டும். அந்த ஆசிரியரைப் பார்க்க நேருமே என்று நான் ஒரு வருஷம் போகவில்லை. கல்லூரிப் பதிவுக்கு முதல் நாள் மோட்டாரை எடுத்துக்கொண்டு ஓடினேன், அலுவலகக் கிராணி அலமாரியில் கிடந்த பழைய கட்டிலிருந்து எடுத்துத் தந்தார். அந்தக் கட்டில் இன்னும் பத்துப் பதினைந்து பேருடையது இருந்தது, பாதிப் பெயர்கள் நம்முடையவை. அடையாள அட்டையோடு போ, பிளாஸ்டிக் உறையும் எடுத்துக்கொள், தோட்டத்து வீட்டில் கரையான் எதையும் விட்டுவைக்காது.