நோன்பு வீட்டுக்குப் போகும்போது நாம் செய்யும் தவறுகள்

சில வருடங்களுக்கு முன் ஒரு ரமலான் மாலை. மணி ஆறேகால். விரிப்பில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கஞ்சிக் கிண்ணங்களும் வரிசையாக இருந்தன. அம்மாவின் ஒரு கண் கடிகாரத்தில், இன்னொரு கண் வடைச் சட்டியில். வாசலில் மணி அடித்தது. வந்தவர் அப்பாவின் பழைய நண்பர், தங்கமான மனிதர். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று உட்கார்ந்தவர், நிலப் பத்திரம் பற்றிப் பேச ஆரம்பித்தார். நோன்பு திறக்கும் நேரம் வந்து, பள்ளிவாசலில் பாங்கு (தொழுகைக்கான அழைப்பு) சொல்லிவிட்டார்கள். அவர் பேச்சு நிற்கவில்லை. அப்பா பேரீச்சம்பழத்தை விரலிடுக்கில் பிடித்தபடி 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தார்.

நோன்பு மாதத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இதுதான்: நேரம். தமிழ்நாட்டில் நோன்பு வைப்பவர்கள் விடியற்காலை ஐந்து மணி வாக்கில் சஹர் உணவை முடித்துக்கொள்கிறார்கள். சுபுஹு எனும் அதிகாலைத் தொழுகையைத் தொழுதுவிட்டுப் பலர் சற்றுக் கண் அயர்வார்கள். அதனால் காலை ஏழு மணிக்குப் போன் செய்து நலம் விசாரிக்க வேண்டாம். மதியத் தொழுகைக்குப் பிறகும் ஒரு சிறு தூக்கம் உண்டு. அஸர் எனும் மாலைத் தொழுகைக்குப் பிறகு அடுப்படி சூடுபிடிக்கும். அழைப்பில்லாமல் போவதென்றால் முற்பகல் பதினொரு மணி நல்ல நேரம். மாலையில்தான் போக முடியும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். இரவு எட்டரைக்கு மேல் ஆண்கள் பெரும்பாலும் ரமலான் இரவுக்கே உரிய தராவீஹ் தொழுகையில் இருப்பார்கள். நோன்பு திறக்கும் நேரம் ஊருக்கு ஊர் சில நிமிடங்கள் மாறும். பள்ளிவாசலில் கொடுத்த நேர அட்டை சுவரிலேயே தொங்கும், பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, கேள்விகள். "தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதா?" என்று ஆச்சரியப்படுவதில் தப்பில்லை. ஆமாம், தண்ணீரும் கிடையாது. ஆனால் "எச்சில்கூட விழுங்க மாட்டீர்களாமே" என்பது தவறான தகவல். தன் வாயில் ஊறும் எச்சிலை விழுங்கினால் நோன்பு முறியாது. நம் ஊர் விரதத்தை மனதில் வைத்து "பால், பழமாவது எடுத்துக்கொள்ளுங்களேன்" என்று வற்புறுத்துவதும் உண்டு. அன்பில் சொல்வதுதான், ஆனால் காபியை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு மூன்று முறை கேட்டால் பாவம், அவர்களுக்கு மறுப்பதே சங்கடமாகிவிடும்.

கேட்கவே கூடாத ஒன்று இருக்கிறது. பெண்களிடம் "இன்றைக்கு நீங்கள் நோன்பு இல்லையா, ஏன்?" என்பது. மாதவிடாய் நாட்களில் நோன்பு வைக்கக் கூடாது. விட்ட நோன்புகளை ரமலான் முடிந்து வேறு நாட்களில் களாவாக, அதாவது விட்டதற்கு ஈடாக, வைத்துக்கொள்வார்கள். என் அக்கா அந்த நாட்களில் அப்பாவுக்குத் தெரியாமல் அடுப்படி மூலையில் நின்று அவசரமாகச் சாப்பிடுவாள். வீட்டு ஆண்களிடமே சொல்லக் கூச்சப்படும் ஒன்றை, வந்த விருந்தாளி நடுக்கூடத்தில் கேட்டால் எப்படி இருக்கும்? கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், முதியவர், சர்க்கரை நோய்க்காரர் என எத்தனையோ பேருக்குச் சலுகை உண்டு. நோயாளியும் பயணியும் பிறகு நோற்கலாம் என்று குர்ஆனிலேயே இருக்கிறது (2:185). யார் வைத்திருக்கிறார், யார் வைக்கவில்லை என்ற கணக்கு நமக்கு வேண்டாம்.

அலுவலகத்தில் சிலர் நேர் எதிராகப் போவார்கள். பக்கத்து மேசைக்காரர் நோன்பு என்று தெரிந்தால் தண்ணீர் பாட்டிலைக்கூட மேசைக்கு அடியில் ஒளிப்பார்கள். தேவையில்லை. வழக்கம்போலச் சாப்பிடுங்கள், 'ஒரு வாய்' என்று நீட்டாமல் இருந்தால் போதும். அதைவிடப் பெரிய உதவி, மாலை ஐந்தரைக்கு மீட்டிங் வைக்காமல் அவரைக் கிளம்ப விடுவது. ஆனால் வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. குவைத்தில் நோன்பு நேரத்தில் பொது இடத்தில் சாப்பிட்டால் சட்டப்படி அபராதமும் சிறையும் உண்டு.

நோன்பு திறக்க அழைத்தால் பத்து நிமிடம் முன்னால் போய் உட்காருங்கள். தட்டு முன்னால் இருந்தாலும் பாங்கு சொல்லும்வரை கை வைக்காதீர்கள். பேரீச்சம்பழம், தண்ணீர், இரண்டு வாய் கஞ்சி, அவ்வளவுதான். உடனே மஃரிப் தொழுகைக்கு எழுந்துவிடுவார்கள். நம்மைத் தனியே விட்டுப் போகிறார்களே என்று நினைக்க வேண்டாம், திரும்பி வந்துதான் சாவகாசமாகச் சாப்பாடு. தொழுகிறவருக்குக் குறுக்கே நடக்காதீர்கள், தொழுகை விரிப்பை மிதிக்காதீர்கள். நீங்கள் சைவம் என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நோன்புக் கஞ்சியில் அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பாலோடு சில இடங்களில் கறியும் சேரும். கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கையில் கொண்டுபோவதற்குப் பழம்தான் நல்லது. ஜெலட்டின் சேர்ந்த மிட்டாய், மது கலந்த சாக்லேட் வேண்டாம். சாமிக்குப் படைத்ததைச் சிலர் வாங்கத் தயங்குவார்கள், கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பள்ளிவாசலுக்குப் போனால் செருப்பை எந்த இடத்தில் கழற்ற வேண்டும் என்று பார்த்துக்கொண்டு நுழையுங்கள், அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள். எல்லாப் பள்ளிகளிலும் பெண்களுக்குத் தனி இடம் இருக்காது, முன்பே விசாரியுங்கள். "நாமெல்லாம் போகலாமா?" என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் பல ஆண்டுகளாக நோன்பாளிகளுக்கு இஃப்தார் (நோன்பு திறக்கும் உணவு) பரிமாறுகிறவர்கள் சிந்தி இந்துக்கள் நடத்தும் சூஃபிதார் அமைப்பின் தொண்டர்கள். பிரிவினையில் சிந்துவிலிருந்து வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிவைத்தது. உணவை மயிலாப்பூரில் சமைத்துக் கொண்டுவருகிறார்கள், தலையில் தொப்பி அணிந்து பரிமாறுகிறார்கள். முழுக்கச் சைவ உணவு. அந்த முற்றத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்குத் தயக்கம் தானாகப் போய்விடும்.

கடைசியாக, வாழ்த்து. முதல் நோன்பன்றே "ஈத் முபாரக்" என்று செய்தி அனுப்புகிறார்கள். அது பெருநாள் வாழ்த்து. மாதம் 29 நாளா 30 நாளா என்பதைப் பிறைதான் தீர்மானிக்கும். அதற்குமுன் "ரமலான் வாழ்த்துகள்" போதும். பிறை தெரிந்த பிறகு தாராளமாக ஈத் முபாரக் சொல்லுங்கள், மறுநாள் வீட்டுக்கும் வாருங்கள். அன்றைக்கு நேரம் பார்க்க வேண்டாம், எப்போது வந்தாலும் பிரியாணி இருக்கும்.