படியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் நெல் அளக்கும் பித்தளைப் படியைத் தூக்கி, "இது பூந்தொட்டியா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லியே எனக்குச் சொற்களைத் துருவும் பழக்கம் வந்துவிட்டது. ஒரு மரபுத்தொடர் எங்கிருந்து கிளம்பியது என்று தேட நான் செய்வது இதுதான்.

எடுத்ததும் அகராதிக்குப் போகாதீர்கள். தொடருக்குள் ஏதாவது சாமான் இருக்கிறதா என்று பாருங்கள்; அதை வைத்து என்ன வேலை செய்தார்கள் என்று யோசியுங்கள். படியையே எடுத்துக்கொள்வோம். கூலியை நெல்லாக அளந்து கொடுத்த காலத்தில், படியளப்பவர்தான் சோறு போடுகிறவர். 'எல்லாருக்கும் அவன் படியளப்பான்' என்று கடவுளைச் சொல்வது அதனால்தான். நெல் போய் ரூபாய் வந்த பிறகும் சொல் போகவில்லை: அரசு ஊழியருக்கு இன்றும் பஞ்சப்படி, பயணப்படி. என் மைத்துனர் முப்பது வருடம் பஞ்சப்படி வாங்கியவர். அவரே இந்தப் படியைப் பார்த்து, "என்ன மாப்பிள்ளை, குடையா வைப்பாங்க இதுல?" என்றார்.

அப்புறம் வினைச்சொல். எனக்கு ருசியே இதில்தான். 'அளந்து பேசுகிறார்' என்றால் பாராட்டு. 'நல்லா அளக்கிறான்' என்றால் புளுகுகிறான். ஒரே வினைதானே? படியைத் தலைதட்டி அளந்தால் ஒரு மணி கூடாது, குறையாது. அளந்து பேசுவது அந்த ரகம். கதை அளக்கிறவனோ, குவித்த நெல் தீராத களத்தில் நிற்கிறவன் மாதிரி. படி படியாகக் கொட்டிக்கொண்டே இருப்பான். எனக்கு அப்படித்தான் படுகிறது.

இவ்வளவு பேசுகிற நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். கம்பர் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கடைக்கு வந்திருந்தார். 'கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும்' என்பது நெசவுத் தறியின் சத்தம், தாளம் தப்பாமல் வருமில்லையா என்று அவரிடம் அளந்தேன். ஆச்சி சிரித்துவிட்டார். "தம்பி, கம்பர் என்ன நெசவா நெஞ்சாரு? அது மாடு கட்டுற முளைப்பா."

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் (1924–1936, ஆறு தொகுதிகள்) பார்த்தேன். ஆச்சி சொன்னதுதான் சரி. கூடவே இன்னொன்றும் விளங்கியது. 'தறிகெட்டு ஓடுகிறான்' என்கிறோமே, நெசவுத் தறி கெட்டால் நின்றல்லவா போகும்? கட்டிய முளை பிடுங்கிக்கொண்டால்தான் மாடு ஓடும். அகராதி இந்தக் கட்டத்தில்தான் வேண்டும்: நம் ஊகத்தைச் சரிபார்க்க.

சில தொடர்களுக்கு நேரில் போகத்தான் வேண்டும். பிள்ளையார்பட்டியில் சதுர்த்தித் தேர் ஓடும்போது வடம் பிடிக்கும் கூட்டத்தை விட்டுவிடுங்கள். சக்கரத்தை ஒட்டிக் கட்டையோடு நடக்கிறவர்களைக் கவனியுங்கள். தேர் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் சக்கரத்தடியில் கட்டையைச் செருகும் விதத்தில் இருக்கிறது. முட்டுக்கட்டை என்பது அதுதான். கை ஒரு நொடி பிந்தினால் உயிர் போகிற வேலை. ஒருதடவை பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு, 'முட்டுக்கட்டை போடாதே' என்று திட்டக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் 'உண்மைப் பொருள்' பட்டியல்களை நம்பாதீர்கள். 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பதில் பேரை வேராக்கிவிட்டு விளக்கம் சொல்வார்கள். எழுத்தை மாற்றினால்தான் பொருள் வரும் என்றால், பழைய நூலில் அந்த வடிவம் இருக்கிறதா என்று கேளுங்கள். காட்டாவிட்டால் நகர்ந்துவிடுங்கள்.

போன வாரம் ஓர் உரைகல் வந்திருக்கிறது. பொன்னை உரசி, விழும் கோட்டின் நிறத்தை வைத்து மாற்று, அதாவது பொன்னின் தரம், பார்க்கிற கறுப்புக் கல். 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று யாரையாவது புகழ்ந்திருந்தால், மோதிரத்தோடு வாருங்கள், உரசிக் காட்டுகிறேன்.