மேக்கில் புது ஓ.எஸ். போடும் முன் உங்கள் பாட்டு வேலையைப் பத்திரப்படுத்துவது எப்படி?

புது மேகோஎஸ் வந்ததும் லாஜிக், ஏபிள்டன் லைவ் போன்ற பெரிய இசை சாஃப்ட்வேர்களுக்கு அப்டேட் வந்துவிடும். சிக்கல் அவற்றுக்குள் ஓடும் பழைய ப்ளகின்களில்தான், அதாவது வாத்தியம், எஃபெக்ட் என்று சேர்த்துக்கொள்ளும் சின்னச் சின்ன துணை சாஃப்ட்வேர்களில். 2019-இல் கேட்டலினா என்ற மேகோஎஸ் வந்தபோது பழைய 32-பிட் முறையில் எழுதிய ப்ளகின்கள் மொத்தமாக நின்றுபோயின. அடுத்து ரோசெட்டாவின் முறை. இன்டெல் சிப்புக்காக எழுதியதை எம்1 முதலான ஆப்பிள் சிப்புகளில் ஓட்டித் தரும் இந்த வசதி, மேகோஎஸ் 27 வரைதான் முழுமையாக இருக்கும் என்று 2025-இலேயே ஆப்பிள் அறிவித்துவிட்டது.

படி 1: செட்டிங்ஸில் ஜெனரல், சாஃப்ட்வேர் அப்டேட் போய் ஆட்டோமேட்டிக் அப்டேட்டை நிறுத்துங்கள்.

படி 2: கையில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். ஆப்ஷன் கீயை அழுத்தியபடி ஆப்பிள் மெனுவைத் திறந்தால் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் தெரியும். அதில் அப்ளிகேஷன்ஸ் பகுதியில் 'கைண்ட்' என்ற இடத்தில் 'இன்டெல்' என்று மட்டும் இருந்தால் அது ரோசெட்டாவை நம்பி ஓடுகிறது. ப்ளகின்களைத் தனியாகத் தேட வேண்டும். ஹார்ட் டிஸ்கின் லைப்ரரி ஃபோல்டரில் ஆடியோ, அதற்குள் ப்ளக்-இன்ஸ். அங்கே கம்போனென்ட்ஸ், விஎஸ்டி, விஎஸ்டி3 என்ற மூன்று ஃபோல்டர்களையும் பாருங்கள். ஒவ்வொன்றின் பெயரையும் எழுதிவைத்து, அதைத் தயாரித்தவர்களின் தளத்தில் புது ஓ.எஸ்.ஸுக்கு ஒத்துவருமா என்று பார்த்துவிடுங்கள்.

ஆப்பிள் சிப் மேக்கில் ஏபிள்டனை ரோசெட்டாவில் திறந்தால் மட்டும் ஒரு ப்ளகின் தெரிகிறதா? அப்படியானால் அது இன்டெல் ப்ளகின். லாஜிக்கில் இந்தச் சோதனை உதவாது. அது இன்டெல் ஏயூ (ஆப்பிளின் ஆடியோ யூனிட் வகை) ப்ளகின்களையும் சத்தமில்லாமல் ரோசெட்டா வழியாக ஓட்டிவிடும்.

படி 3: ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (மைக், கிடார் போன்றவற்றை மேக்கோடு இணைக்கும் பெட்டி) அதை இயக்கும் தனி டிரைவர் சாஃப்ட்வேர் போட்டிருந்தால் அதற்கும் புது வெர்ஷன் வந்திருக்க வேண்டும். டிரைவர் போடாமலே வேலை செய்யும் இன்டர்ஃபேஸ் என்றால் பெரும்பாலும் கவலையில்லை.

படி 4: என்னைக் கேட்டால் இதுதான் உயிர்நாடி. முக்கியமான ப்ராஜெக்ட் ஒவ்வொன்றையும் ட்ராக் வாரியாக வேவ் ஃபைலாக எடுத்து வையுங்கள். எல்லா ட்ராக்கும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே ஆரம்பிக்கட்டும். எந்த சாஃப்ட்வேரில் போட்டாலும் அப்போதுதான் சரியாகப் பொருந்தும். எந்த ஸ்வரத்தை எப்போது வாசித்தீர்கள் என்ற பதிவான மிடியையும் தனியாகச் சேமியுங்கள். ப்ளகின் செத்தாலும் வாசித்த வாசிப்பு மிஞ்சும்.

படி 5: டைம் மெஷினில் பேக்கப் எடுங்கள். அப்புறம், டிஸ்க்கில் இடம் இருந்தால் டிஸ்க் யுடிலிட்டியில் புதிதாக ஒரு வால்யூம் (டிஸ்க்கில் ஒரு தனிப் பகுதி) சேர்த்து, புது ஓ.எஸ்.ஸை அதில் மட்டும் போட்டுப் பாருங்கள். பழையது அப்படியே இருக்கும். அங்கே ப்ராஜெக்ட்டின் நகலை மட்டும் திறக்க வேண்டும். புது லாஜிக்கில் சேமித்த ப்ராஜெக்ட்டைப் பழைய லாஜிக் திறக்காமல் போகலாம்.

அங்கே எல்லாம் ஓடினால் பழைய வால்யூமையும் மாற்றலாம். பாதியில் ஒரு பாட்டு நிற்கிறது என்றால், அதை முடித்துக் கொடுத்த பிறகு மாற்றுங்கள்.