பேலியோவுக்கு மாறிய பின் லிப்பிட் ரிப்போர்ட்: படிக்கும்போது செய்யும் தவறுகள்

பேலியோ, ப்ரைமல், லோ கார்ப் என்று எந்தப் பெயரில் சொன்னாலும் சரி, சோறு, இட்லி, சப்பாத்தி, சர்க்கரையை விட்டு முட்டை, இறைச்சி, பாதாம், நெய் என்று மாறிய பலருக்கு, சில மாதம் கழித்து வரும் லிப்பிட் ரிப்போர்ட், அதாவது ரத்தக் கொழுப்புப் பரிசோதனை முடிவு, குழப்பமாக இருக்கும். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு நன்றாக இறங்கியிருக்கும், 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்டிஎல் ஏறியிருக்கும். சிலருக்கு 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல்லும் கூடவே ஏறியிருக்கும். முதல் இரண்டை மட்டும் பார்த்துக் கொண்டாடுவதும் தவறு, மூன்றாவதை மட்டும் பார்த்து அலறுவதும் தவறு.

கணக்குக்காக ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொள்வோம். உணவை மாற்றும் முன் மொத்தக் கொலஸ்ட்ரால் 205, எச்டிஎல் 36, ட்ரைகிளிசரைடு 220, எல்டிஎல் 125. மாற்றிய பின் மொத்தம் 238, எச்டிஎல் 48, ட்ரைகிளிசரைடு 80, எல்டிஎல் 174. எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவு.

பலர் முதலில் பார்ப்பது 238 என்ற மொத்தத்தை. அது வெறும் கூட்டுத்தொகை. எச்டிஎல் ஏறினாலும் அது ஏறும். அதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

விகிதத்தின் பின்னால் ஒளிந்துகொள்வது

என் பார்வையில் இதுதான் பெரிய தவறு. ட்ரைகிளிசரைடை எச்டிஎல்லால் வகுத்தால் முன்பு 6.1, இப்போது 1.7. உண்மையிலேயே நல்ல முன்னேற்றம். இன்சுலின் எதிர்ப்பு (உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாத நிலை) குறைகிறது என்பதற்கான அடையாளம். தொப்பை, உயர்ந்த ட்ரைகிளிசரைடு, குறைந்த எச்டிஎல் மூன்றும் சேர்ந்தே வரும் நம் மக்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை. ஆனால் அந்த விகிதத்தில் எல்டிஎல் எங்கேயும் வரவில்லை. எல்டிஎல் ஏன் ஏறியது என்று கேட்டால் விகிதத்தைக் காட்டுவது பதில் ஆகாது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழியுங்கள். இதற்கு நான்-எச்டிஎல் என்று பெயர். முன்பு 169, இப்போது 190. எல்டிஎல் 49 ஏறியிருக்க, இது 21 மட்டும் ஏறியதற்குக் காரணம், ட்ரைகிளிசரைடைச் சுமக்கும் விஎல்டிஎல் குறைந்ததுதான். லாபம் உண்மை, ஆனாலும் நிகரக் கணக்கு ஏறுமுகம். இந்திய இதயநோய் மருத்துவர் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பொதுவாக எல்டிஎல் 100-க்குக் கீழும், நான்-எச்டிஎல் 130-க்குக் கீழும் இருக்க வேண்டும். இதயநோய் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு வரம்பு இன்னும் குறைவு.

"என் எல்டிஎல் பெரிய, பஞ்சு போன்ற துகள், அது ஒன்றும் செய்யாது" என்று சொல்கிறவர்கள் நிறைய. பெரிய துகளும் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழையும், அங்கே தங்கும். எத்தனை துகள் என்பதே முக்கியம். அதை நேரடியாக எண்ணிச் சொல்வது அப்போ-பி பரிசோதனை, ஏனென்றால் ஒவ்வொரு எல்டிஎல், விஎல்டிஎல் துகளிலும் அப்போ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். எல்டிஎல் ஏறிய பேலியோக்காரர்கள் காசு செலவழித்துப் முதலில் பார்க்க வேண்டிய கூடுதல் டெஸ்ட் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எச்டிஎல் ஏறியது எல்டிஎல்லைச் சரிக்கட்டிவிடும் என்ற நம்பிக்கையும் நிற்காது. எச்டிஎல்லை வெகுவாக ஏற்றிய டார்செட்ராபிப் என்ற மருந்தின் பெரிய ஆய்வு 2006 டிசம்பரில் பாதியில் நிறுத்தப்பட்டது. மருந்து சாப்பிட்டவர்களிடம் இறப்பு கூடியதுதான் காரணம். அந்த மருந்துக்கு வேறு பக்கவிளைவுகளும் இருந்தன, உண்மைதான். ஆனால் பிறவியிலேயே எச்டிஎல் கூடுதலாக இருக்கும் மரபணு உள்ளவர்களை ஆராய்ந்தபோதும், அதனால் மட்டும் மாரடைப்பு குறையவில்லை.

சூத்திரத்தை மாற்றுவது

பல லேப்களில் எல்டிஎல் அளக்கப்படுவதில்லை, கணக்கிடப்படுகிறது. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். 1972-இல் வந்த ஃப்ரீடுவால்ட் சூத்திரம் இது. ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் இது உதவாது. ட்ரைகிளிசரைடு குறைவாக இருந்தால் 'ஈரானிய சூத்திரம்' என்ற வேறொரு கணக்கைப் போடுங்கள் என்று ஆலோசனை சொல்வார்கள். போட்டால் 174 என்பது சுமார் 160 ஆகிவிடும், மனசுக்கும் நிம்மதி வரும். ஆனால் ரத்தத்தில் எதுவும் மாறவில்லை. நான்-எச்டிஎல்லுக்குச் சூத்திரமே தேவையில்லை, அது அப்போதும் 190 தான். சந்தேகம் இருந்தால் எல்டிஎல்லை நேரடியாக அளக்கும் டைரக்ட் எல்டிஎல் அல்லது அப்போ-பி பாருங்கள்.

சிங்கப்பூர், மலேசியா, லண்டன் பக்கம் இருப்பவர்களுக்கு ரிப்போர்ட் ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்ற கணக்கில் வரும். கொலஸ்ட்ராலை 38.7-ஆலும் ட்ரைகிளிசரைடை 88.6-ஆலும் பெருக்கினால் நம்மூர் எண் கிடைக்கும். பெருக்காமலே ட்ரைகிளிசரைடு-எச்டிஎல் விகிதம் போட்டால், இங்கே 2-க்குக் கீழ் நல்லது என்று சொல்லப்படும் எல்லை அங்கே 0.87 ஆகிவிடும். அந்த மில்லிமோல் கணக்கில் 1.7 வந்தவர், தான் நல்ல நிலையில் இருப்பதாகத் தவறாக நினைத்துக்கொள்வார்.

தவறான நேரத்தில் ரத்தம் கொடுப்பது

எடை வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும்போது கொலஸ்ட்ரால் தற்காலிகமாக ஏறலாம். கொழுப்புச் செல்களில் சேர்ந்திருந்தது வெளியே வருகிறது. எடை ஓரிடத்தில் நின்று சில வாரம் ஆன பிறகு எடுப்பதே நல்லது. 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு போதும். விரதத்தை 20 மணி நேரம், ஒரு நாள் என்று நீட்டிவிட்டு அதே மூச்சில் ரத்தம் கொடுக்க வேண்டாம். காய்ச்சல் வந்து தேறிய வாரத்திலும் வேண்டாம். எண்கள் நாளுக்கு நாள் கொஞ்சம் ஆடும். ஒரே ரிப்போர்ட்டை வைத்துத் தீர்ப்பு எழுதாமல், அதே லேபில் இன்னொரு முறை பாருங்கள்.

யார் காரணம்?

எல்டிஎல் ஏறினால் முதலில் முட்டையைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் அதைவிடப் பொறுப்பு நிறைகொழுப்புக்குத்தான்: நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், வெண்ணெய் கலந்த பட்டர் டீ. நிறைகொழுப்பு மிகும்போது கல்லீரலில் எல்டிஎல்லைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகள் குறைகின்றன. அந்த ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காகத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. எனவே மொத்த உணவுமுறையையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. பட்டர் டீயை நிறுத்தி, நெய்யைக் குறைத்து, மீன், பாதாம், நல்லெண்ணெய், காய்கறிப் பக்கம் நகர்ந்து, ஆறேழு வாரம் கழித்துப் பாருங்கள். ஏற்கெனவே ஒல்லியாக இருந்து, நிறைய உடற்பயிற்சியும் செய்து, மாவுச்சத்தை முற்றிலும் விட்டவர்களில் சிலருக்கு எல்டிஎல் 200-ஐயும் தாண்டும். அவர்கள் கொஞ்சம் கிழங்கு, பழம் சேர்த்தாலே பல நேரம் எண் இறங்கும்.

உணவில் மட்டும் தேடாதீர்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும், அதைக் காட்டும் டிஎஸ்எச் டெஸ்ட்டை ஒரு முறை பாருங்கள். எல்டிஎல் போன்ற இன்னொரு துகளான லிப்போபுரோட்டீன்-ஏ பரிசோதனையை வாழ்நாளில் ஒரு முறையாவது செய்துகொள்வது நல்லது. அது பெரும்பாலும் பரம்பரை, உணவால் அவ்வளவாக மாறாது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும், ட்ரைகிளிசரைடு இறங்கிவிட்டது என்ற தைரியத்தில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவே கூடாது.

உணவைத் திருத்திய பிறகும் எல்டிஎல் 190-க்குக் கீழே வரவில்லை, வீட்டில் யாருக்காவது இளவயதிலேயே மாரடைப்பு வந்திருக்கிறது என்றால், அது குடும்ப வழி வரும் கொலஸ்ட்ரால் கோளாறாக இருக்கலாம். இதயநோய் மருத்துவரிடம் பழைய ரிப்போர்ட், புது ரிப்போர்ட் இரண்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு முறை ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள், அவர்கள் சாப்பிடுவது சோறாக இருந்தாலும் சரி.