ஆய்வுத் துறையில் பெண்கள் நிலைத்து உயர: நெறியாளர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும் ஒரு வழிகாட்டி

வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்டது. அவர் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் 1985இல் வந்தது. இன்று தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் என்று சுற்றுவட்டார ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் முனைவர் பட்ட ஆய்வுக்கு வருகிறார்கள். பட்டம் பெற்ற பிறகு அவர்களில் எத்தனை பேர் ஆய்விலேயே நீடிக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. அவர்களுக்கான ஆதரவு நெறியாளரின் நல்ல மனத்தை மட்டும் நம்பியிருக்கும்வரை, நெறியாளர் மாறினால் அதுவும் போய்விடும். ஆகவே கீழே சொல்பவற்றை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஆய்வாளர் சேரும் நாளிலேயே விதிகளை அச்சிட்டுக் கையில் கொடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி ஆய்வுக்கான உச்சகாலம் ஆறு ஆண்டுகள். மறுபதிவின் வழியாக மேலும் இரண்டு ஆண்டுகளும், பெண்களுக்கு அதற்கு மேல் இன்னும் இரண்டு ஆண்டுகளும் வழங்கலாம். மொத்தம் பத்து ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. மகப்பேறுக்கோ குழந்தைப் பராமரிப்புக்கோ ஆய்வுக்காலம் முழுவதற்குமாக 240 நாள் வரை விடுப்பு தரலாம். இது தெரியாமல், வளைகாப்பு முடிந்த வாரத்திலேயே பதிவை ரத்துசெய்யும்படி எழுதிக்கொடுத்துவிட்டுப் போன ஒரு மாணவியை நான் அறிவேன். அந்தக் கடிதத்தை வாங்கி வைத்தவர்களில் ஒருவர்கூட அவரிடம் விதியை எடுத்துச் சொல்லவில்லை என்பது இன்றுவரை என்னை வருத்துகிறது.

அடுத்து, ஆய்வுக்கூடத்தைப் பாருங்கள். லித்தியம் மின்கலத்துக்கான மின்வாய்க் கலவை தயாரிக்கப் பரவலாகப் பயன்படும் என்எம்பி என்ற கரைப்பான் கருவில் உள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடியது. அதைக் கையாளும் வேலையிலிருந்து விலகிக்கொள்ளத் தான் கருவுற்றிருப்பதை அறிவித்தாக வேண்டும் என்ற நிலையில், முதல் மூன்று மாதம் வெளியில் சொல்லாத வழக்கமுள்ள நம் வீட்டுப் பெண்கள் வாய் திறக்காமலே இருந்துவிடுவார்கள். ஆகவே கருவுறத் திட்டமிடும் காலத்திலேயே, காரணம் எதுவும் கேட்கப்படாமல், கணினிவழிக் கணக்கீட்டு வேலைக்கோ தரவுப் பகுப்பாய்வுக்கோ கட்டுரை எழுதுவதற்கோ மாறிக்கொள்ளலாம் என்று ஆய்வுக்கூட விதியிலேயே எழுதிவிடுங்கள். நாள்கணக்கில் ஓடும் மின்கலச் சார்ஜ்-டிஸ்சார்ஜ் சோதனைகளைக் கணினி வழியே வீட்டிலிருந்து கவனிக்க ஏற்பாடு செய்யலாம். தேவகோட்டை பஸ்ஸைப் பிடிக்க ஐந்தரைக்குக் கிளம்பும் பெண்ணின் உழைப்பை அவர் கிளம்பும் நேரத்தைக் கொண்டு அளக்காதீர்கள்.

கருத்தரங்கு வேலைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது ஒரு கருத்தரங்கின் வாசலில் பட்டுச்சேலை கட்டி, சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் வைத்த தட்டை ஏந்தி, பன்னீர்ச் செம்போடு நின்றிருந்தேன். என் துறையில் நான் பெரிதும் மதித்த அறிஞர் என்னிடம் சந்தனம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்; அவருடைய உரை முடியும்வரை நான் வெளியே நின்றேன். உணவு இடைவேளையில் அவரிடம் தங்கள் ஆய்வை விளக்கிக்கொண்டிருந்தவர்கள் என்னோடு படித்த ஆண்கள். விருந்தோம்பல் செட்டிநாட்டுக்குப் பெருமை. அதை யாரும் விட வேண்டியதில்லை. ஆனால் வரவேற்பு, கோலம், விருந்தினரைக் கவனிப்பது, அறிக்கை எழுதுவது, அமர்வை நடத்துவது ஆகிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஆண் பெண் பாராமல் சுழற்சி முறையில் பிரித்துக் கொடுங்கள். ஆண்டு முடிவில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். மேடைக்கு வெளியே யார் நின்றார்கள் என்பது தெரிந்துவிடும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் பாலியல் தொல்லை குறித்த உள் புகார்க் குழு இருப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். உறுப்பினர்களின் பெயர்களும் தொலைபேசி எண்களும் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்பதையும் மாணவியர் அறிந்திருக்க வேண்டும்.

பட்டம் பெற்ற பிறகு வரும் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் பலரை இழக்கிறோம். கல்யாணம், கணவரின் சிங்கப்பூர் வேலை, பிறகு குழந்தை. இடைவெளிக்குப் பின் திரும்பும் பெண்களுக்கென்றே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, வைஸ்-கிரண் என்ற குடையின் கீழ் உதவித் திட்டங்களை நடத்துகிறது. அவ்வப்போது வெளியாகும் அறிவிப்பை நெறியாளர் அனுப்பிவைத்தால் போதும், பாதிக் கதவு திறந்துவிடும். மீதிக் கதவு, விண்ணப்பத்துக்குத் தேவையான இடத்தையும் வழிகாட்டியையும் நம் துறையே தர ஒப்புக்கொள்வது. இடைவெளியில் இருப்பவருக்கு நூலக அனுமதியைத் தொடர்ந்து கொடுங்கள். முடியாமல் நிற்கும் கட்டுரை ஒன்றை மாதம் ஒருமுறை பேசி முடிக்கவையுங்கள். நேர்காணலில் உட்காரும்போது கல்யாணத்தைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் கேட்காதீர்கள். உடன் இருப்பவர் கேட்டால் அங்கேயே தடுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் பெண்களுக்குக் கல்யாணமானதும் தகப்பனார் இனிஷியல் போய்க் கணவர் இனிஷியல் வந்துவிடுகிறது. முதல் மூன்று கட்டுரைகள் ஒருவர் எழுதியவை போலவும் அடுத்த மூன்று வேறொருவர் எழுதியவை போலவும் பதிவாகின்றன. முதல் கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே, பெயர் மாறினாலும் கட்டுரைகள் ஒருவருடையவை என்று அடையாளம் காட்டும், கட்டணமில்லாமல் கிடைக்கும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண்ணைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். வெளியிடும் பெயரில் என்ன இனிஷியல் வேண்டும், வேண்டுமா என்பதை அவரையே முடிவுசெய்ய விடுங்கள்.