லேப்டாப் சார்ஜ் ஏறவில்லையா? சுவரிலிருந்து தொடங்குங்கள்

வேலை மும்முரமாக நடக்கும்போது திரை மங்குகிறது. மூலையில் பார்த்தால் பேட்டரி 12 சதவீதத்தில் நிற்கிறது. சார்ஜர் செருகித்தான் இருக்கிறது, ஆனால் சார்ஜ் ஏறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதே நிலையில் நான் அன்றைக்கே புது அடாப்டர் ஒன்றை வாங்கிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, பழைய அடாப்டரில் வேறொரு மின்கம்பியை மாட்டிப் பார்த்தபோது அது குறையில்லாமல் வேலை செய்தது. பழுதாகியிருந்தது சுவருக்கும் அடாப்டர் பெட்டிக்கும் நடுவில் ஓடும் சாதாரணக் கம்பி மட்டும்தான்.

அன்றிலிருந்து யார் லேப்டாப்பைக் கொண்டுவந்து காட்டினாலும் நான் சுவரிலிருந்துதான் பார்க்கத் தொடங்குகிறேன். சாக்கெட், கம்பி, பெட்டி, முனை, கடைசியில்தான் லேப்டாப். மின்சாரம் வரும் வழியிலேயே நாமும் நடந்தால் பழுது எங்கே ஒளிந்திருந்தாலும் எதிர்ப்பட்டுவிடும். மின்னியல் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம்.

பெட்டியின் முதுகைப் படியுங்கள்

எதையும் சோதிக்கும் முன் அடாப்டரைத் திருப்பி, அதில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். கண்ணுக்கு எட்டவில்லை என்றால் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தப் படத்தை அழிக்காமல் வைத்திருங்கள், பின்னால் உதவும்.

‘இன்புட்’ என்ற வரியில் பெரும்பாலும் 100-240 வோல்ட், 50-60 ஹெர்ட்ஸ் என்றிருக்கும். வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம் (ஏ.சி.) இந்த எல்லைக்குள் எந்த அளவில் இருந்தாலும் பெட்டி ஏற்றுக்கொள்ளும் என்பது இதன் பொருள். வெளிநாடு போனால் பிளக்கின் வடிவத்தை மாற்றும் சிறு துண்டு ஒன்று போதும். மின்னழுத்தத்தை மாற்றும் கருவி தேவைப்படாது.

நமக்கு முக்கியமானது ‘அவுட்புட்’ வரி. எடுத்துக்காட்டாக 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று இருக்கலாம். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 65 வாட். இது லேப்டாப்புக்குப் போகும் நேர்திசை மின்சாரத்தின் (டி.சி.) அளவு. நேர்க்கோடு ஒன்றும் அதன் கீழே மூன்று சிறு கோடுகளும் வரைந்திருந்தால் நேர்திசை. அலை போல நெளிந்த கோடு இருந்தால் மாறுதிசை.

இந்த இரண்டு எண்களில்தான் பலரும் குழம்புகிறார்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வோல்ட் என்பது தொட்டியின் உயரம். அதை நம் விருப்பத்துக்கு ஏற்றினால் குழாய் தாங்காது. ஆம்பியர் என்பது தொட்டி அதிகபட்சம் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் தர முடியும் என்பது. எவ்வளவு எடுப்பது என்பதைக் குழாயைத் திறப்பவர் முடிவு செய்கிறார். ஆகவே வோல்ட் பொருந்தியே ஆக வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் அதே வோல்ட்டும் அதே முனையும் உள்ள 90 வாட் அடாப்டரைச் செருகினால் லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். 45 வாட் அடாப்டரைச் செருகினால் சார்ஜ் மெதுவாக ஏறும், கனமான வேலை செய்யும்போது ஏறுவதற்குப் பதில் இறங்கும், பெட்டியும் அளவுக்கு மீறிச் சூடாகும்.

அந்தப் பக்கத்திலேயே, நடுவில் புள்ளியும் அதைச் சுற்றிப் பிறைபோன்ற வளைவும் கொண்ட சிறு படம் இருக்கும். முனையின் உட்பக்கம் நேர்மின் முனையா, வெளிப்பக்கமா என்பதை அது சொல்கிறது. லேப்டாப் அடாப்டர்களில் வழக்கமாக உட்பக்கமே நேர்மின். மாற்று அடாப்டர் வாங்கும்போது இந்தப் படமும் ஒத்துப்போக வேண்டும்.

அன்றாடப் பயன்பாட்டில்

அடாப்டரைச் சாக்கெட்டில் செருகும்போது சிறு பொறி ஒன்று தெறிப்பதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் உண்டு. பெட்டிக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கிகள் ஒரே கணத்தில் நிரம்புவதால் அது நேர்கிறது. சாக்கெட்டில் சுவிட்ச் இருந்தால் அதை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் செருகி, பிறகு சுவிட்சைப் போடுங்கள். பொறி பிளக்கின் முள்ளில் விழாது.

பெட்டி சூடாவது இயல்பு. 65 வாட் கொடுக்கும் பெட்டி அந்த மாற்றத்தின்போது எட்டு, ஒன்பது வாட் வரை வெப்பமாக இழக்கலாம். அது வெளியேறக் காற்று வேண்டும். போர்வைக்கு அடியிலும் மெத்தை இடுக்கிலும் வைப்பதுதான் பெட்டியின் ஆயுளைக் குறைக்கும் முதல் பழக்கம். கையால் பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அது இயல்பு இல்லை.

இரண்டாவது பழக்கம், கம்பியை இறுக்கிச் சுற்றுவது. அடாப்டர் பழுதுகளில் நான் மிகுதியாகக் கண்டது கம்பி அறுந்த கதைதான். அதுவும் நடுவில் அறுவதில்லை. பெட்டியை விட்டு வெளியே வரும் கழுத்திலோ லேப்டாப்பில் செருகும் முனைக்குப் பக்கத்திலோ அறுகிறது. மேலே ரப்பர் உறை நன்றாக இருக்கும், உள்ளே செப்பு இழைகள் ஒவ்வொன்றாக முறிந்திருக்கும். பெட்டியைச் சுற்றி இழுத்துக் கட்டாதீர்கள். உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வான வளையங்களாகச் சுற்றி, கழுத்துப் பகுதியில் கொஞ்சம் தொய்வு விட்டு மடித்து வையுங்கள். கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுக்காமல் முனையைப் பிடித்து இழுங்கள்.

கம்பியின் ஓர் ஓரத்தில் உருண்டையாகத் தடித்திருக்கும் பகுதி என்ன என்று கேட்பார்கள். அது ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான உருளை. கம்பியில் வரும் உயர் அலைவெண் மின் இரைச்சலை அடக்கப் போட்டிருக்கிறார்கள்.

படி 1: சாக்கெட்

நீட்டிப்புப் பலகையிலிருந்து அடாப்டரைக் கழற்றி நேராகச் சுவர்ச் சாக்கெட்டில் செருகுங்கள். அதே சாக்கெட்டில் ஒரு விளக்கையோ கைபேசி சார்ஜரையோ போட்டுப் பாருங்கள். அது வேலை செய்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் கம்பி

பெட்டியில் செருகும் முனை பெரும்பாலும் மூன்று இலை சேர்ந்தது போல இருக்கும். சிறிய பெட்டிகளில் எட்டு என்ற எண்ணைப் படுக்க வைத்தது போல இருக்கும். இந்த வடிவங்கள் பொதுத்தரமானவை என்பதால், வீட்டிலுள்ள இன்னொரு அடாப்டரின் கம்பியோ திரை, பிரிண்டர் போன்ற கருவிகளின் கம்பியோ அப்படியே பொருந்தக்கூடும். மாற்றிப் போட்டுப் பாருங்கள். மாற்றும் முன் ஏற்கெனவே உள்ள கம்பியை அழுத்தி உள்ளே தள்ளிப் பார்க்கவும் மறக்காதீர்கள். கடைசிச் சில மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது. நான் வீணாக ஒரு புது அடாப்டர் வாங்கியது இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்யாததால்தான்.

படி 3: பெட்டியின் விளக்கு

உங்கள் அடாப்டரில் சிறு விளக்கு இருந்தால் அது பல செய்திகளைச் சொல்லும். லேப்டாப்பிலிருந்து முனையைக் கழற்றிவிட்டு, சுவரில் மட்டும் செருகிப் பாருங்கள்.

தனியாக இருக்கும்போதே விளக்கு எரியவில்லை, கம்பியையும் மாற்றிப் பார்த்துவிட்டீர்கள் என்றால் பழுது பெட்டியிலோ அதிலிருந்து வெளியே போகும் கம்பியிலோ இருக்கிறது. ஐந்து நிமிடம் சுவரிலிருந்து முழுவதும் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் செருகிப் பாருங்கள். ஷார்ட் சர்க்யூட்டோ அதிக மின்னோட்டமோ வந்தபோது பெட்டி தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருந்தால் இப்படி மீண்டுவிடும்.

தனியாக இருக்கும்போது எரிகிற விளக்கு லேப்டாப்பில் செருகியதும் அணைந்துவிட்டால், லேப்டாப்புக்குள் எங்கோ நேர்மின்னும் எதிர்மின்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். செருகு துளை கெட்டிருக்கலாம். பெட்டி பலவீனமாகிச் சுமையைத் தாங்காமலும் இருக்கலாம். இதைப் பிரித்தறிய அதே அளவுள்ள இன்னொரு அடாப்டரைச் செருகிப் பாருங்கள். அதுவும் அணைந்தால் மேற்கொண்டு சோதிக்காமல் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 4: மல்டிமீட்டர்

வட்ட முனை உள்ள அடாப்டர் என்றால், மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர் ஐயமில்லாத பதிலைத் தரும். கருவியை நேர்திசை மின்னழுத்தத்தில் 200 வோல்ட் அளவில் வையுங்கள். புதிதாகக் கற்பவர்கள் 20 வோல்ட் அளவில் வைத்துவிடுகிறார்கள். பல மல்டிமீட்டர்களில் அந்த அளவு 19.99 வரை மட்டுமே காட்டும். சில அடாப்டர்களோ 20 வோல்ட் தரும். திரையில் எண்ணுக்குப் பதில் வெறும் ‘1’ தெரிய, அடாப்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

சிவப்பு முனையை உட்பக்கத்திலும் கறுப்பு முனையை வெளி உலோகத்திலும் வையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் எழுதிய எண்ணும் மீட்டர் காட்டும் எண்ணும் ஏறத்தாழ ஒத்திருந்தால் நல்லது. எண் நிற்காமல் அலைந்தால் அளந்தபடியே கம்பியின் கழுத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். ஓர் இடத்தில் வளைக்கும்போது எண் பூஜ்யத்துக்கு விழுந்தால் இழைகள் அங்கேதான் அறுந்திருக்கின்றன. ஒரு வரம்பும் உண்டு: சுமை இல்லாமல் சரியான எண்ணைக் காட்டும் பெட்டி, லேப்டாப் இழுக்கத் தொடங்கியதும் சரிந்துவிடலாம். அதற்கு இன்னொரு அடாப்டரைப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி.

சில வட்ட முனைகளின் நடுவில் மெல்லிய ஊசி இருக்கும். டெல், எச்.பி. லேப்டாப்கள் பலவற்றில் அது மின்சாரத்துக்கானது அல்ல. அடாப்டர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்கு அடையாளம் சொல்வதற்கானது. இந்த வகையில் நேர்மின் ஊசியில் அல்லாமல் உட்சுவரில் இருப்பதால், சிவப்பு முனையை அங்கே தொட வேண்டும். ஊசி வளைந்தாலோ அதன் கம்பி அறுந்தாலோ லேப்டாப் இயங்கும், ஆனால் அடாப்டரை அடையாளம் காண முடியவில்லை என்று எச்சரித்துவிட்டு பேட்டரியைச் சார்ஜ் செய்ய மறுக்கும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். கணினி மெதுவாகிவிட்டது என்று மென்பொருளைக் குறை சொல்லும் முன் ஊசியைப் பாருங்கள்.

படி 5: செருகு துளை

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தூசும் பஞ்சும் சேர்ந்திருந்தால் உலர்ந்த மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள். உலோக ஊசி வேண்டாம். முனையைச் செருகினால் ஆடுகிறதா, ஒரு பக்கமாகச் சாய்த்தால் மட்டும் சார்ஜ் ஏறுகிறதா? துளை தளர்ந்திருக்கிறது. சாய்த்து முட்டுக்கொடுத்துப் பல மாதம் ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தளர்ந்த தொடர்பில் வெப்பம் பிறக்கும், பிளாஸ்டிக் உருகும்.

படி 6: லேப்டாப்

இங்கே வந்துவிட்டால் அடாப்டர் நல்லது என்று தெரிந்துவிட்டது. ‘செருகப்பட்டுள்ளது, ஆனால் சார்ஜ் ஆகவில்லை’ என்று விண்டோஸ் காட்டினால் முதலில் சார்ஜ் வரம்பைப் பாருங்கள். பேட்டரியின் ஆயுளைக் காக்க 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பு பல லேப்டாப்களில் இருக்கிறது; அது பழுதே இல்லை.

அது காரணம் இல்லையென்றால் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு எல்லாவற்றையும் மாட்டி இயக்குங்கள். சார்ஜைக் கட்டுப்படுத்தும் சிறு சில்லு குழம்பி நின்றிருந்தால் இதில் சரியாகிவிடும்.

லேப்டாப்பின் அடிப்பக்கம் புடைத்திருந்தாலோ டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ சார்ஜ் செய்வதை உடனே நிறுத்துங்கள். பேட்டரி வீங்கியிருக்கிறது. அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றும்.

டைப்-சி சார்ஜர் என்றால்

இந்த வகையில் சார்ஜரும் லேப்டாப்பும் முதலில் பேசிக்கொள்கின்றன. ஒப்பந்தம் முடிந்த பிறகே 5 வோல்ட்டிலிருந்து 9, 15, 20 என்று உயரும். லேப்டாப் செருகப்பட்டிருப்பதை உணராதவரை சார்ஜரின் துளையில் அந்த 5 வோல்ட் கூட வராது. மல்டிமீட்டர் வைத்துப் பூஜ்யம் கண்டு கலங்க வேண்டாம்.

இங்கே கேபிளும் பேச்சில் பங்கு கொள்கிறது. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரை தாங்கும்; 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் போக வேண்டுமானால் தன் திறனை அறிவிக்கும் சில்லு பதித்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். 100 வாட் சார்ஜர் வாங்கியும் மெதுவாக ஏறுகிறது என்றால் நான் முதலில் கேபிளைத்தான் ஐயப்படுவேன். லேப்டாப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட டைப்-சி துளைகள் இருந்தால் எல்லாமே சார்ஜ் ஏற்றுபவை என்று எண்ண வேண்டாம். பக்கத்தில் பேட்டரி அல்லது பிளக் குறி உள்ளதா என்று பாருங்கள்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

கருகிய நெடி, படபடவென்ற ஒலி, உருகிய பிளாஸ்டிக், வெளியே தெரியும் செம்பு இவற்றில் ஒன்று கண்டாலும் முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு அடாப்டரைக் கழற்றி ஒதுக்குங்கள். டேப் ஒட்டித் தொடராதீர்கள். பெட்டியைப் பிளந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்திசையாக மாறும்போது 320 வோல்ட்டைத் தாண்டும். அந்த அழுத்தத்தைத் தாங்கும் மின்தேக்கி, பிளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் அதைப் பிடித்து வைத்திருக்கக்கூடும்.

உலோக உடல் கொண்ட லேப்டாப்பைத் தொட்டால் விறுவிறுவென்று லேசாகக் கூசுகிறதா? பெரும்பாலும் எர்த் இணைப்பு கிடைக்காததால், இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகளின் வழியே கசியும் மிகச் சிறு மின்னோட்டம் அது. மூன்று முள் பிளக்கோடு வந்த அடாப்டரை இரண்டு முள் மாற்றியில் போடாதீர்கள். எர்த் உள்ள சாக்கெட்டில் போட்டும் கூச்சம் நிற்கவில்லை என்றால் வீட்டின் எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். சுரீரென்று அடித்தால் அது கசிவு நிலையைத் தாண்டிவிட்டது. அந்த அடாப்டரை மீண்டும் செருகவே கூடாது.

புதிது வாங்க நேர்ந்தால்

தொடக்கத்தில் எடுத்த படத்தை இப்போது திறங்கள். வோல்ட் அதே எண், ஆம்பியர் குறையாமல், முனையின் விட்டமும் மின்முனைப் படமும் ஒன்றாக. முனையில் ஏமாறுவது எளிது: 4.5 மில்லிமீட்டர், 5.5 மில்லிமீட்டர் என்று பல அளவுகள் இருக்கின்றன. வெளிவிட்டம் ஒன்றாக இருந்து உள்விட்டம் மாறுபடுவதும் உண்டு. செருகினால் போகும், தொடர்பு சரியாக இருக்காது. பழைய அடாப்டரைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். லேப்டாப் நிறுவனத்தின் சொந்த அடாப்டர் கிடைத்தால் அதையே நான் விரும்புவேன். பிற நிறுவனத்தின் அடாப்டர் என்றால் பாதுகாப்புச் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் முறை பயன்படுத்தும்போது பக்கத்திலேயே இருங்கள். அரை மணி நேரம் லேப்டாப்பை வழக்கமான வேலையில் ஓடவிட்டு, பெட்டியையும் செருகிய முனையையும் தொட்டுப் பாருங்கள். பெட்டி வெதுவெதுப்பாக இருக்கலாம். முனை சுட்டால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.